சீரகத் தண்ணீர் குடித்த மரம்

“புள்ளைக்குத் தண்ணி குடிக்கிற பழக்கத்தக்கூடவாம்மா சொல்லிக் குடுக்கல?” என்று டாக்டரம்மா கேட்டதும் லோகநாயகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

யாரைப் பார்த்து என்ன கேள்வி! காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கட்டும், லோகநாயகி வீடு எப்படிப்பட்ட வீடு என்று. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சீரகம் போட்டு, ஆறவைத்த பிறகுதான் அந்த வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்து நகம் வெட்டாதவர்களுக்கு இட்லி கிடையாது. வெளியே போய் வந்தால் கை கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. அது மாமியாராக இருந்தாலும் சரி, மந்திரியாக இருந்தாலும் சரி. பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி, கலர் ஐஸ், ஈ மொய்த்த மிட்டாய் எதுவும் அவள் பெண் வயிற்றுக்குள் போனதில்லை. “லோகநாயகி வூட்டுக்குள்ள போவணும்னா கால்ல டெட்டால் ஊத்திக்கிட்டுத்தான் போவணும்” என்று தெருப் பெண்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். சிக்குன்குனியா வந்து தெருவே மூட்டு வலியில் முனகிக் கிடந்த வருஷம், அவள் வீட்டில் மட்டும் ஒருவரும் பாயைப் போட்டுப் படுக்கவில்லை. அப்பேர்ப்பட்டவளிடம்தான், நேற்றுப் படித்து முடித்த மாதிரி இருந்த இந்த டாக்டர் பழக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள்.

“தினம் ஒரு லிட்டர் பாட்டில் ரொப்பிக் குடுத்து அனுப்புறேன் டாக்டர். சாயந்திரம் காலியாத்தான் திரும்பி வருது. வெளித் தண்ணிகூட என் பொண்ணு தொட மாட்டா” என்றாள் லோகநாயகி. குரல் உயர்ந்துவிட்டது.

“அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது? டெஸ்டப் பாருங்க. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் ஜாஸ்தியா இருக்கு. அடிக்கடி காய்ச்சல் வந்து போச்சின்னு சொன்னீங்கல்ல, அதெல்லாமே இதுதான். நீங்க கசாயம் வெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. கிட்னி வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். கடலூர்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.”

லோகநாயகி மகளைத் திரும்பிப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு படிக்கும் அனுப்பிரியா, உலகத்திலேயே அதிசயமான பொருள் அதுதான் என்பதுபோல, கிளினிக்கின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை போதும். பெற்றவளுக்குப் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, கஞ்சி கொடுத்து, மாத்திரையும் கொடுத்த பிறகுதான் கேட்டாள்.

“தண்ணிய என்னாடி பண்ற?”

“மரத்துக்கு ஊத்திடுவேன்.”

“எந்த மரத்துக்கு?”

“ஸ்கூல்ல பாதாம் மரம் இருக்கும்மா. பிரேயர் முடிஞ்சதும் ஊத்திடுவோம். நான் மட்டுமில்ல, எல்லாரும்.”

எல்லாருமாம்! சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் தாய்மார்கள் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்து, ஆற்றி, வடிகட்டி, சிதம்பரத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அதையெல்லாம் ஒரு மரம் குடித்துக்கொண்டிருந்தது. லோகநாயகி வீட்டுச் சீரகத் தண்ணீர், இன்னொரு வீட்டுத் துளசித் தண்ணீர், வேறொரு வீட்டு ஓமத் தண்ணீர். அந்தப் பள்ளிக்கூடத்தில் நோய்நொடி இல்லாமல் வளர்ந்த ஒரே ஜீவன் அந்த மரமாகத்தான் இருக்க வேண்டும். அறிவியல் டீச்சர்கூட அதைக் காட்டித்தான் மரம் வளர்ப்பின் பெருமையைப் பேசுவாராம்.

“ஏன்டி?”

“தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. போவ எடமில்ல.”

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கதவில்லாத ஒரு பழைய கொட்டகை இருந்திருக்கிறது. பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி பாவாடையை விரித்து மறைப்புக் கொடுத்து அதில்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம், இரண்டாயிரத்துப் பத்தில், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு வரிசையாக அறைகள் கட்டி, டைல்ஸ் பதித்து, தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்துக் கொடுத்தார். ரிப்பன் வெட்டினார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்று கை தட்டினார்கள். பெரியவர் காரில் ஏறிப் போனதும் ஒரு பூட்டைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது திறக்கப்படவே இல்லை.

“ஏன் பூட்டுனாங்களாம்?”

“அழுக்காயிடுமாம்.”

கக்கூஸ் அழுக்காகிவிடக் கூடாது என்று கக்கூஸைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்! இலை அழுக்காகிவிடும் என்று சோறு போடாமல் இருப்பார்களா? யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல லோகநாயகிக்கு இருந்தது.

“வந்துட்டா என்னா பண்ணுவ?”

“தண்ணி குடிக்காட்டி வராதும்மா. அப்பிடியும் வந்தா, கால் மேல கால் போட்டு இறுக்கி ஒக்காந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ஒரு நெல்லிக்காய வாயில போட்டுக்கிட்டா தாகமும் தெரியாது.” பெண் சற்று நிறுத்தினாள். “நீதாம்மா சொன்ன.”

சொன்னவள்தான். லோகநாயகி சிதம்பரத்தில் ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் கால் ஊன்றினால் ராத்திரிவரை நிற்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது. ஆம்பளை வேலைக்காரர்கள் குடோனுக்குப் பின்னால் சந்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். பொம்பளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் வந்தால்தான் வழி. அதுவும் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைவரை ஓட வேண்டும். ஓடிப் போய் வந்தால் சாப்பிட நேரமிருக்காது. அதனால் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் காபியோடு சரி. அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்புவதோடு நிறுத்திக்கொள்வாள். கன்னத்தில் ஒரு நெல்லிக்காய். இதையெல்லாம் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் சோறு போடும்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். பெண்ணும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கை கழுவு, நகம் வெட்டு, பல் தேய் என்று தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம்விட, சொல்லிக் கொடுக்க நினைக்காத இது எவ்வளவு சுலபமாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

ரைஸ் மில்லில் வேலை முடிந்து வந்த பாண்டியனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்கப்போவதாகச் சொன்னாள். அவன் பதறிவிட்டான்.

“இதையா போயிக் கேப்ப? பொட்டப் புள்ள சமாசாரம். நாலு பேரு என்னா நெனப்பான்?”

“என்னா நெனப்பான் மாமா? லோகநாயகி பொண்ணு ஒண்ணுக்குப் போவுதுன்னு நெனப்பான். அவன் வூட்ல யாரும் போறதில்லையா?”

“மொதல்ல ஸ்கேன எடுப்போம். மத்ததப் பொறவு பாப்போம்” என்று நழுவினான்.

மறுநாள் மூவரும் கடலூருக்குப் போனார்கள். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க பஸ் நின்றது. நின்றதுதான் தாமதம், ஆம்பளைகள் பத்துப் பேர் இறங்கி ஒரு சுவரைப் பார்த்து வரிசையாக நின்றுகொண்டார்கள். பாண்டியனும் அதில் ஒருத்தன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூர்வரைக்கும் ரோட்டோரத்தில் உள்ள சுவர், வேலி, புளியமரம் எல்லாம் ஆம்பளைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று போலிருக்கிறது. அவர்கள் சாவகாசமாக முடித்துவிட்டு, டீயும் குடித்து, பீடியும் பற்றவைத்து வரும்வரை டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். பஸ்ஸுக்குள் இருந்த பொம்பளைகள் ஒருத்தியும் அசையவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை லோகநாயகியும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். இன்று அவளுக்கு அது பொறுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்த பாண்டியனிடம், “நாலு பேரு என்னா நெனச்சாங்க மாமா?” என்று கேட்டாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஸ்கேன் சென்டரில் அனுப்பிரியாவை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வயிறு முட்ட வேண்டுமாம். முட்டினால்தான் படம் தெளிவாகத் தெரியுமாம். தாங்க முடியாமல் போகும்போது வந்து சொல் என்றார்கள். உள்ளே கூட்டம். பெண் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெரிய பொம்பளைகள் எல்லாம் நெளிந்தார்கள், எழுந்து நடந்தார்கள், “இன்னும் எவ்ளோ நேரம்?” என்று சண்டை போட்டார்கள். இவள் மட்டும் சாமி படம்போல அசையாமல் இருந்தாள். மூன்று பேருக்கு ஸ்கேன் முடிந்த பிறகுதான், அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கே சந்தேகம் வந்து உள்ளே கூட்டிப்போனாள்.

வெளியே வந்து அந்தப் பெண் மனதாரப் பாராட்டினாள். “இவ்ளோ நேரம் அடக்குனவங்கள நான் பாத்ததே இல்லக்கா. மூஞ்சி சுளிக்கல, ஒரு வார்த்த பேசல. சமத்துப் பொண்ணு.”

பாண்டியன் முகத்தில் பெருமை தெரிந்தது. பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தான். லோகநாயகிக்கு அந்த நிமிஷம் அந்த இடத்தையே இரண்டாக உடைத்துப் போட்டுவிட வேண்டும் போல வெறி வந்தது. நோயைக் கண்டுபிடிக்க வந்த இடத்தில் நோய்க்குப் பரிசு கொடுக்கிறார்களே! அதற்குத் தகப்பன்காரன் பல்லைக் காட்டுகிறானே! வெளியே வந்ததும் நடுரோட்டில் நின்று அழுதாள். “எதுக்குடி அழுவுற?” என்றான் பாண்டியன் ஒன்றும் புரியாமல். படத்தைப் பார்த்த டாக்டரம்மா மறுநாள் சொன்னபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

“ரைட் சைடு கிட்னி வீங்கியிருக்கு. இப்போதைக்கு மருந்துல சரியாயிடும். இன்னொரு தடவ இதே மாதிரி வந்துச்சுன்னா தழும்பு விழுந்துடும். தழும்பு விழுந்தா விழுந்ததுதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. நல்லாத் தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போவணும். அடக்கவே கூடாது.”

“ஸ்கூல்லயும் போவணுமா?” என்று பாண்டியன் கேட்டான்.

“கிட்னிக்கு ஸ்கூல்னு தெரியுமா, வீடுன்னு தெரியுமா?” என்றார் டாக்டர். அதற்குமேல் அவன் நாலு பேரைப் பற்றிப் பேசவே இல்லை.

காய்ச்சல் விட்டு, பெண் பள்ளிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. லோகநாயகி கடையில் அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு அவளோடு போனாள். தலைமை ஆசிரியை ராஜாமணி மரியாதையான மனுஷி. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் தலைக்கு மேலே சுவரில் பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று தொங்கியது. ஒரு பெண் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரிக்கிறாள். கீழே, ‘நல்ல பழக்கம் நலமான வாழ்வு’ என்று பூப்போட்ட எழுத்து. லோகநாயகி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டாள்.

“தொறந்து வுட்டா என்னா ஆவும் தெரியுமாம்மா? ஒரே வாரத்துல நாறடிச்சிருவாளுங்க. உள்ளாற தண்ணிக் குழாய் இன்னும் வரல. கூட்டிப் பெருக்க ஒரே ஒரு ஆளு. கட்டிக் குடுத்தவரு எப்ப வேணா பாக்க வருவாரு. அவரு வர்றப்ப சுத்தமா இருக்க வேணாமா?”

“அவரு பாக்குறதுக்கா டீச்சர் கட்டுனாரு? புள்ளைங்க போறதுக்கா?”

“உங்க பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னா, டீச்சருங்க பாத்ரூமுக்கு அனுப்பச் சொல்றேன். அவ மட்டும் போவட்டும்.”

“மத்த புள்ளைங்க?”

“மத்த புள்ளைங்க யாரும் வந்து கேக்கலியே. காலைல வூட்லயே போயிட்டு வந்தா சாயந்திரம் வரைக்கும் தாங்கும்மா. அதெல்லாம் ஒரு பழக்கம். அம்மாதான் பழக்கி வுடணும்.”

மறுபடியும் பழக்கம்! இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏன் அவள் முகத்தையே பார்த்துச் சொல்கிறார்கள்? லோகநாயகி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எத்தனை தாய்மார் தண்ணீர் அந்த மரத்தடியில் போகிறதென்று தெரியுமா, எத்தனை பெண்களுக்கு வயிற்று வலி என்று தெரியுமா, தண்ணீர் குடிக்கிற படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டி வைக்க வெட்கமாக இல்லையா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். வராந்தாவில் போன டீச்சர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

ராஜாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க எங்கம்மா வேல பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“ஜவுளிக்கடையில.”

“அங்க நீங்க நெனச்ச நேரத்துக்குப் போவ முடியுதா?”

லோகநாயகி சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள்.

“உங்க மொதலாளிகிட்ட என்னைக்காவது இப்பிடி எழுந்து நின்னு கேட்டிருக்கீங்களா? மாட்டீங்க. அங்க வாய் வராது. வாத்தியாருங்கன்னா மட்டும் இளிச்சவாயங்களா? மொதல்ல அங்க போயிக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் வந்து எங்கிட்ட சாவியக் கேளுங்க. தர்றேன்.”

அவளை வாயடைத்து அனுப்பத்தான் அவர் அதைச் சொன்னார். அவளும் வாயடைத்துத்தான் வெளியே வந்தாள். கடைக்கு நடந்து போகும் வழியெல்லாம் உடம்பு தகித்தது. அந்த அம்மாள்மேல் இருந்த கோபத்தைவிட, அந்த அம்மாள் சொன்னது பொய்யில்லையே என்ற கோபம்தான் பெரிதாக இருந்தது. மூன்று வருஷமாக அவள் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கும் இசைவாணி கேட்கவில்லை. போன கோடையில் இசைவாணி மயங்கி விழுந்தபோது, “சாப்பிடாம வந்திருப்பா” என்று சூப்பர்வைசர் சடையப்பன் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள், தண்ணீர்தான் குடிக்கவில்லை என்று ஒருத்திக்கும் சொல்ல வாய் வரவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் இத்தனை நாளும் அடக்கம், ஒடுக்கம், நல்ல வேலைக்காரி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்களா?

ஆவணி முகூர்த்தம். கடையில் கால் வைக்க இடமில்லை. சேலைப் பிரிவில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று ஜமக்காளத்தை நிறைத்து உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கனத்த சரீரம். நகையும் நட்டுமாக நடுவில் இருந்தார். லோகநாயகி யூனிஃபார்ம் சேலைக்கு மாறி வந்து அவர்களுக்கு எடுத்துப் போட ஆரம்பித்தாள். நடுவில், வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்க் கேனுக்குப் போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். இசைவாணி கண்ணை விரித்துப் பார்த்தாள்.

“என்னாக்கா பண்ற?”

“குடிக்கிறேன். நீயும் குடி.”

அவள் குடிக்கவில்லை. லோகநாயகி மட்டும் குடித்தாள். ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும். அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு சடையப்பனைக் கூப்பிட்டாள்.

“சார், பாத்ரூம் போவணும்.”

“இப்பவா? கஸ்டமர் ஒக்காந்திருக்காங்க. சாப்பாட்டு டைம்ல போ.”

“இப்பதான் சார் வருது.”

சடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என்னா பேச்சு இது, கஸ்டமர் முன்னாடி? மேல மொதலாளி ரூம் பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு தெரியாதா ஒனக்கு? அசிங்கம் பண்ணாத. போயி சேலைய எடுத்துப் போடு.”

அவர் தாழ்த்திய குரலுக்குச் சேர்த்து அவள் உயர்த்தினாள். “எது சார் அசிங்கம்? மூணு வருஷமாத் தண்ணி குடிக்காம நின்னு வேல பாத்தது அசிங்கமா, இன்னைக்குக் குடிச்சது அசிங்கமா? எங்கிட்ட இருந்து கத்துக்கிட்டு என் பொண்ணு கிட்னி வீங்கிக் கெடக்கா. இத்தன பொம்பளைங்க வேல பாக்குற கடையில எங்களுக்கு ஒரு எடம் இல்லன்னா, நாங்க எங்க சார் போறது? நீங்களே சொல்லுங்க.”

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சடையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. கல்யாணப் பெண்ணின் அம்மா மடியிலிருந்த பட்டுச்சேலையை எடுத்துக் கீழே வைத்தார்.

“என்னாய்யா, கடையில பாத்ரூமே இல்லியா?” என்றார் அவர். “நானும் எவங்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம காலைலேருந்து முட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். சக்கர வியாதி ஒடம்பு எனக்கு. சேல எடுக்கவே மனசு ஓடல. ஏம்மா, எந்தப் பக்கம்? வா, போவலாம்.”

“மேலதாம்மா.”

அவர் கையை ஊன்றி எழுந்தார். லோகநாயகி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் எழுந்தார்கள். அவர்களுக்கும் அதே கதைதான். இசைவாணி ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு, கையிலிருந்த சேலையைக் கவுண்டரில் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். வாடிக்கையாளரைத் தடுக்க முடியாமல் சடையப்பன் வழிவிட்டார். முதலாளி அறைக்கு வெளியே, பளபளவென்று துடைத்து வைத்திருந்த அந்தக் கதவுக்கு முன்னால் பொம்பளைகள் வரிசையில் நின்றதை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது.

சாயந்திரம் கிளம்பும்போது சடையப்பன், “நாளைக்கு மொதலாளி ஒன்ன வரச் சொல்லியிருக்காரு. ஒனக்கு இங்க வேல இருக்கா இல்லியான்னு அவரு சொல்லுவாரு” என்றார். வீட்டில் அதைச் சொன்னபோது பாண்டியன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தான். “போனாப் போவட்டும். நாளைக்கு மொதல்ல ஸ்கூலுக்குப் போ” என்றான்.

முதலாளியைப் பார்க்கும் முன்னால் அவள் ராஜாமணியைத்தான் போய்ப் பார்த்தாள்.

“கடையில கேட்டுட்டேன் டீச்சர்” என்றாள். “வேலகூடப் போனாலும் போவும். சாவியக் குடுங்க.”

ராஜாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பீரோவைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். பெருக்குகிற செல்லாயி அடிபம்பிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் தூக்கி வந்தாள். பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே டைல்ஸில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மூலையில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ராஜாமணி பயந்ததுபோல ஓர் அழுக்கும் இல்லை. சேதி பரவி, வராந்தாவில் பிள்ளைகள் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்று காலையில் லோகநாயகி பக்கத்தில் நின்று மகளை இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்திருந்தாள். பஸ்ஸில் இன்னொரு டம்ளர். “போ” என்று பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றாள். கதவு சாத்திக்கொண்டது. நேரம் போனது. மணி அடித்தது. ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் கதவு திறந்து அனுப்பிரியா வெளியே வந்தாள். லோகநாயகி அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

“என்னாடி?”

“முட்டுதும்மா.” பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஆனா இங்க வர மாட்டேங்குது.”

சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டார். லோகநாயகி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவளை மறுபடியும் உள்ளே கொண்டுபோய் விட்டாள். கதவைத் தானே சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“அவசரமில்ல. வர்றப்ப வரட்டும். அம்மா வாசல்லதான் நிக்கிறேன்” என்றாள் உள்ளே கேட்கும்படி.

“மணி அடிச்சாச்சும்மா” என்றார் ராஜாமணி மெதுவாக. “கிளாசுக்கு நேரமாவுது. உங்களுக்கும் கடைக்கு நேரமாவும்.”

“ஆவட்டும் டீச்சர்” என்றாள் லோகநாயகி.